கடைசிப் பரீட்சைக்குப் பிறகு: பிளஸ் டூ மாணவர்கள் மன அமைதிக்குத் திரும்ப ஒரு முழுமையான வழிகாட்டி

மேல்நிலைப் பொதுத்தேர்வின் கடைசித் தாள் பிற்பகல் 1.15 மணிக்கு முடிகிறது. அடுத்த ஐந்து நிமிடத்தில் பள்ளி வாசலில் வெள்ளைச் சட்டைகளின் மேல் நீல மை தெறிக்கத் தொடங்கிவிடும். பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்தக் காட்சியைப் பல மார்ச் மாதங்களில் பார்த்திருக்கிறேன். அப்படி ஓர் ஆண்டு எல்லோரும் கலைந்து போன பின்னும் ஒரு மாணவி மட்டும் சைக்கிள் நிறுத்துமிடத்தின் ஓரத்தில், வேப்பமரத்தடியில், ஹால் டிக்கெட் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். சரியாக எழுதவில்லையோ என்று நினைத்து அருகில் போய்க் கேட்டேன். "நல்லாத்தான் சார் எழுதியிருக்கேன். நாளைக்குக் காலையில எதுக்கு எழுந்திரிக்கணும்னுதான் தெரியல" என்றாள்.

அவள் சொன்னதன் பொருள் எனக்குப் புரியச் சில ஆண்டுகள் ஆயின. பரீட்சை முடிந்துவிட்டால் பாரமும் இறங்கிவிடும் என்றுதான் பெற்றோரும் ஆசிரியர்களும் நினைக்கிறோம். ஆனால் ஜூன் மாதத்து ஸ்பெஷல் கிளாஸில் தொடங்கி, காலாண்டு, அரையாண்டு, ஜனவரியில் வரிசையாக வரும் திருப்புதல் தேர்வுகள், பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு என்று பத்து மாதம் தூக்கிச் சுமந்த ஒன்றை, ஒரு மணியோசையில் மனம் கீழே வைத்துவிடுவதில்லை. அதை இறக்கி வைப்பதற்கும் ஒரு முறை உண்டு, அதற்கும் சில வாரங்கள் பிடிக்கும். தமிழ்நாட்டில் பிளஸ் டூ எழுதிய மாணவர்களை மனத்தில் வைத்து அந்த முறையைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு எழுதியவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: உடலில் என்ன நடக்கிறது

நெருக்கடி வரும்போது உடல் அட்ரினலினையும் கார்டிசாலையும் சுரந்து, இதயத்துடிப்பைக் கூட்டி, விழிப்பைக் கூர்மையாக்கி, பசியையும் களைப்பையும் ஓரளவு மறக்கடிக்கிறது. ஒரு நாய் துரத்தும்போது ஓடுவதற்காக அமைந்த இந்த ஏற்பாட்டை நாம் மாதக்கணக்கில் ஓட வைக்கிறோம். அதனால்தான் தேர்வு நாட்களில் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கியும் சமாளித்தவர்கள், தேர்வு முடிந்த மறுநாள் தலைவலி, சளி, காய்ச்சல், வயிற்றுக் கோளாறு என்று படுத்துவிடுகிறார்கள். தள்ளிப்போட்ட களைப்பெல்லாம் சேர்ந்து வருகிற நேரம் அது.

மனத்திலும் இதுவே நடக்கிறது. காரணமில்லாத அழுகை, சிறு விஷயத்துக்கும் எரிச்சல், எதிலும் ஆசை இல்லாத வெறுமை, அலாரம் வைக்காமலேயே அதிகாலை நான்கு மணிக்குத் திடுக்கிட்டு விழிப்பது, இன்னும் ஒரு பரீட்சை பாக்கி இருப்பதாகக் கனவு காண்பது ஆகியவை முதல் பத்து நாட்களில் பலருக்கும் வரும். "எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க, எனக்கு மட்டும் என்னமோ ஆயிடுச்சு" என்று இதைக் கண்டு பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு இது தானாகவே தணிகிறது; தணியாதபோது என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் படி: மூன்று நாள் தூக்கம், பிறகு தூக்கத்தின் நேரம்

பதிமூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. தேர்வுக் காலத்தில் இதில் பாதிதான் பலருக்குக் கிடைத்திருக்கும். ஆகவே முதல் மூன்று நாட்கள் உடல் கேட்கும் அளவுக்குத் தூங்குங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு எழுந்தாலும் குற்ற உணர்ச்சி வேண்டாம். "சோம்பேறியாயிட்டான்" என்ற சொல்லை இந்த மூன்று நாளும் வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

நான்காம் நாளிலிருந்து அணுகுமுறையை மாற்ற வேண்டும். பதின்வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இயல்பாகவே இரவில் தாமதமாகச் சுரக்கிறது. அதோடு கையில் போனும் சேர்ந்தால் ஒரே வாரத்தில் இரவு மூன்று மணிக்குப் படுத்து மதியம் எழும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பழக்கமே மனச்சோர்வை வளர்க்கும். சரிசெய்யப் படுக்கும் நேரத்தோடு மல்லுக்கட்டாமல், எழும் நேரத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று பதினொரு மணிக்கு எழுந்தால் நாளை பத்து, மறுநாள் ஒன்பது என்று முன்னோக்கிக் கொண்டுவந்து, ஏழு மணி வாக்கில் நிறுத்துங்கள். எழுந்த அரை மணி நேரத்துக்குள் மொட்டைமாடிக்கோ வாசலுக்கோ போய்ப் பதினைந்து நிமிடம் வெளிச்சத்தில் நில்லுங்கள். உடலின் கடிகாரத்தைத் திருத்த இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. வாசல் தெளிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பால் வாங்கிவரப் போவது என்று ஏதாவது ஒரு வேலையை இதற்குச் சாக்காக வைத்துக்கொள்ளலாம்.

இரவு கண் விழிக்கப் பழகிய காபியை விடுவதும் இதில் சேரும். குடித்த காபியின் காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்தது இரவு பதினொரு மணிக்கும் பாதி மீதமிருக்கிறது என்றால், படுத்தும் தூக்கம் வராததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நாளுக்கு நான்கு முறை குடித்தவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும். இரண்டு நாள் கழியும்போதெல்லாம் ஒரு வேளைக் காபியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

இரண்டாம் படி: சோர்வு மனத்தினுடையதா, இரத்தத்தினுடையதா என்று பாருங்கள்

இதைப் பலரும் கவனிப்பதில்லை, அதனால் தனியாகச் சொல்கிறேன். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. படியேறினால் மூச்சு வாங்குவது, எப்போதும் அசதி, கவனம் நிற்காமை, எரிச்சல் எல்லாம் இரத்தசோகைக்கும் அடையாளம், மன அழுத்தத்துக்கும் அடையாளம். ஒரு வருடம் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டுப் பஸ்ஸைப் பிடித்த பெண்ணுக்கு "மனசை ரிலாக்ஸா வச்சுக்கோ" என்று சொன்னால் மட்டும் அசதி போகாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவைச் சோதித்துப் பாருங்கள்; பெண்களுக்கு அது 12 கிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவர் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் எடுக்க வேண்டும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மற்றபடி உணவைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அதில் ஒரு வேளையாவது புத்தகமும் போனும் இல்லாமல், வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

மூன்றாம் படி: புத்தகத்தைக் கட்டி வையுங்கள், விடைக்குறிப்பைத் திறக்காதீர்கள்

நம் மாணவர்கள் பெரிதும் தடுக்கி விழும் இடம் இதுதான். தேர்வு முடிந்த அன்று மாலையே வாட்ஸ்அப் குழுக்களில் விடைக்குறிப்பு வந்துவிடும். ஒரு மார்க் கேள்விகளில் எத்தனை சரி என்று எண்ணத் தொடங்கினால் அது அங்கே நிற்காது. ஐந்து மார்க் கேள்வியில் படம் வரைந்தோமா, அலகு எழுதினோமா, கட்டாய வினாவுக்கு எத்தனை கொடுப்பார்கள் என்று இரவு முழுக்க ஓடும். எழுதிய விடைத்தாளை இனி எண்ணத்தால் திருத்த முடியாது என்பது புத்திக்குத் தெரிந்தாலும், முடிவு தெரியாத காரியத்தை மனம் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இதற்குக் கையால் செய்யும் ஒரு காரியம் உதவுகிறது. பாடப்புத்தகங்கள், கைடுகள், திருப்புதல் தேர்வுத் தாள்கள், வினாத்தாள் தொகுப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்து, ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கி, கயிறு கட்டிப் பரணில் ஏற்றுங்கள். கிழித்து எறியவோ பழைய பேப்பர்காரருக்குப் போடவோ வேண்டாம். முடிவு வந்த பிறகு அவை தேவைப்படலாம், தேவைப்படாவிட்டால் அடுத்த ஆண்டு படிக்கும் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ உதவும். படித்த மேசையில் அந்த ஆண்டின் எந்தத் தாளும் கண்ணில் படாதபடி துடைத்து வைப்பது முக்கியம். சுவரில் ஒட்டிய கால அட்டவணையையும் சூத்திரத் தாளையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். படுத்துக்கொண்டே பார்க்கும் இடத்தில் வழக்கமாக அவைதான் இருக்கும்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேற மனமில்லை என்றால் முடிவு வரும்வரை ஒலியடக்கி வையுங்கள். நெருங்கிய நண்பர்கள் இருவரிடம் மட்டும், "மார்க் பத்திப் பேச வேண்டாம்" என்று ஒப்பந்தம் செய்துகொண்டு பழகுங்கள்.

நான்காம் படி: இருபது நிமிடம் எழுதுங்கள்

இத்தனை மாதம் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதியே பழகிய கைக்கு, யாரும் கேட்காததை எழுதும் வாய்ப்பைத் தருவது இந்தப் படி. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வொன்றில் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்களை மிகவும் பாதித்த அனுபவத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றி எழுதச் சொன்னார். எழுதிய உடனே அவர்களின் மனநிலை சற்றுக் கனத்தாலும், அடுத்து வந்த மாதங்களில் நலமாக இருந்தார்கள். அதன் பின் பலரும் பல சூழல்களில் செய்து பார்த்ததில் பலன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. ஆனாலும் செலவில்லாத, யார் உதவியும் தேவைப்படாத முறை என்பதால் நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

செய்யும் விதம் இதுதான். ஒரு பழைய நோட்டை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, இந்த ஓராண்டில் உங்களை வருத்திய ஒன்றை எழுதத் தொடங்குங்கள். பேச்சுத் தமிழ் போதும், எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம், கையெழுத்து யாருக்கும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்து, அது அடிக்கும்வரை கையை எடுக்காதீர்கள். எழுத ஒன்றுமில்லை என்றால் முந்தைய வரியையே திரும்ப எழுதுங்கள். முடிந்ததும் உடனே எழுந்து முகம் கழுவி, ஒரு வேலையில் இறங்குங்கள். இதை நான்கு நாட்கள் செய்யுங்கள். என் வகுப்பு மாணவர் ஒருவர் முதல் மூன்று நாட்களும் கணிதத் தாளைப் பற்றியே எழுதினார். நான்காம் நாள் அந்த நோட்டில் வந்தது, அரையாண்டு மதிப்பெண்ணை அப்பா உறவினர்கள் முன்னால் வாசித்துக் காட்டிய ஒரு மாலை நேரம். தன்னை உறுத்தியது எது என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. எழுதியதை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை, கிழித்துப் போடுவதும் உங்கள் விருப்பம். ஒரே ஒரு எச்சரிக்கை: எழுதும்போது மனம் தாங்க முடியாத அளவுக்குப் போனால் அங்கேயே நிறுத்திவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் போய்ப் பேசுங்கள்.

ஐந்தாம் படி: நாளுக்கு ஒரு வடிவம் கொடுங்கள்

வேப்பமரத்தடி மாணவியின் கேள்விக்குப் பதில் இந்தப் படியில் இருக்கிறது. ஓராண்டாகக் காலை நான்கு மணி முதல் இரவு பதினொரு மணி வரை ஒவ்வொரு மணி நேரத்தையும் வேறு யாரோ தீர்மானித்தார்கள். அந்த அட்டவணை ஒரே நாளில் இல்லாமல் போகும்போது, விடுதலையைவிட அந்தரத்தில் நிற்கும் உணர்வுதான் முதலில் வருகிறது. மதிப்பெண்ணை மட்டுமே வைத்துத் தன்னை அளந்து பழகியவர்களுக்கு இது இன்னும் கடுமையாக இருக்கும். நாமக்கல் பக்கம் உறைவிடப் பள்ளிகளில் இரண்டு ஆண்டுகள் விசிலுக்கு எழுந்து, விசிலுக்குச் சாப்பிட்டு வந்த பிள்ளைகளிடம் நான் இதை அதிகம் கண்டிருக்கிறேன்.

முழு நாளுக்கும் திட்டம் போட வேண்டாம். நாளுக்கு மூன்று ஆணிகள் அடித்தால் போதும்: காலையில் உடல் அசையும் ஒரு வேலை, பகலில் கை செய்யும் ஒரு வேலை, மாலையில் மனிதர்களோடு ஒரு மணி நேரம். காலையில் சைக்கிள் மிதிக்கலாம், ஷட்டில் ஆடலாம், சும்மா நடக்கலாம். மூச்சு வாங்கும் அளவுக்கு அரை மணி நேரம் அசைந்தாலே அன்றைய இறுக்கம் தளர்வதை நீங்களே உணர்வீர்கள். ஏப்ரல் கடைசியில் வெயில் ஏறிவிடும், மே 4 வாக்கில் கத்திரியும் தொடங்கிவிடும், ஆகவே காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கிணற்றிலோ ஏரியிலோ நீச்சல் பழக ஆசைப்படுபவர்கள் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருந்தால் மட்டுமே இறங்க வேண்டும். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நாம் இழக்கும் பிள்ளைகளை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

பகல் வேலைக்கு மதிப்பெண் போட முடியாத எதுவும் பொருந்தும். சமையல், தையல், கடையில் அப்பாவுக்கு உதவி, வண்டி பஞ்சர் ஒட்டக் கற்பது, ஊர் நூலகத்தில் பாடத்துக்குத் தொடர்பில்லாத புத்தகம் என்று எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாணவி அம்மாவிடம் முறுக்கு பிழியக் கற்றுக்கொண்டாள். முதல் ஈடு கருகிப்போனதையும், அதற்காக யாரும் தன்னைத் திட்டவில்லை என்பதையும் பிறகொரு நாள் வியப்போடு சொன்னாள். தவறு செய்தால் உடனே மார்க் குறையும் என்ற பயத்திலேயே வாழ்ந்த மனத்துக்கு, தவறிப் போனாலும் ஒன்றும் ஆகாது என்று கை வழியாகக் கற்றுத்தரும் வேலைகள் இவை. விடுமுறை தொடங்கிய உடனே ஸ்போக்கன் இங்கிலீஷ், கம்ப்யூட்டர், டைப்ரைட்டிங் என்று மூன்று வகுப்புகளில் சேர்த்துவிடும் வழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டு வாரம் கழித்து, பிள்ளை விரும்பினால், ஒன்றில் சேரட்டும்.

போனை முற்றாக விலக்குவது நடக்காத காரியம். எழுந்த முதல் ஒரு மணி நேரமும், படுக்கும் முன் ஒரு மணி நேரமும் அது வேறு அறையில் இருக்கட்டும். நடுவில் விளையாடுங்கள், பாருங்கள்.

நீட் எழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு சொல்

உங்களுக்கு மேற்சொன்ன ஓய்வு மார்ச்சில் கிடைக்காது. 2025-இல் பிளஸ் டூ தேர்வு மார்ச் 25-இல் முடிந்தது, நீட் மே 4-இல் நடந்தது. இடையில் இருந்தது நாற்பது நாள். அந்த நாற்பதிலும் முதல் மூன்று நாட்களைத் தூக்கத்துக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் விட்டுவிடுங்கள். களைத்த மூளையால் நாற்பது நாள் படிப்பதைவிடத் தெளிந்த மூளையால் முப்பத்தேழு நாள் படிப்பது மேல். அதன் பிறகு வாரத்தில் அரை நாள் புத்தகம் தொடாத நேரமாக இருக்கட்டும். நீட் முடிந்ததும் இந்த வழிகாட்டியை முதல் படியிலிருந்து தொடங்குங்கள்; பிளஸ் டூ முடிவும் ஏறக்குறைய அந்த வாரத்திலேயே வருவதால், உங்களுக்கு இரண்டு பாரமும் ஒன்றாகச் சேர்கின்றன என்பதை வீட்டார் உணர்ந்து நடக்க வேண்டும்.

ஆறாம் படி: "எவ்வளவு வரும்?" என்ற கேள்வியைச் சந்திப்பது

கோடையில் கல்யாணம், காதுகுத்து, ஊர்த் திருவிழா எல்லாம் வரிசையாக வரும், ஒவ்வொன்றிலும் இந்தக் கேள்வியும் வரும். கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, வேறு என்ன பேசுவதென்று தெரியாமல் கேட்கிறார்கள். அதனால் சண்டைக்கும் போக வேண்டாம், விளக்கமும் கொடுக்க வேண்டாம். "எழுதியிருக்கேன் மாமா, ரிசல்ட் வந்ததும் நானே போன் பண்ணிச் சொல்றேன்" என்ற ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்லுங்கள். வீட்டில் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டால் கூட்டத்தில் தடுமாற்றம் இருக்காது. சித்தப்பா மகனோடு ஒப்பிட்டுப் பேசும்போது பேச்சைத் திருப்ப வேண்டியது உடன் இருக்கும் அம்மா அப்பாவின் வேலை.

ஏழாம் படி: முடிவு வரும் முன்பே முடிவு நாளைத் திட்டமிடுங்கள்

பிளஸ் டூ முடிவுகள் 2024-இல் மே 6-ஆம் தேதியும், 2025-இல் மே 8-ஆம் தேதியும் வெளியாயின. ஆக, கடைசிப் பரீட்சைக்குப் பின் ஆறு வாரக் காத்திருப்பு. இதில் கடைசி வாரம்தான் கொடுமையானது. அந்த வாரத்துக்கு முன்பே, மனம் தெளிவாக உள்ள ஒரு நாளில், ஒரு தாளில் மூன்று பத்தி எழுதி வையுங்கள்: எதிர்பார்த்த மதிப்பெண் வந்தால் என்ன செய்வேன், குறைந்தால் என்ன செய்வேன், ஒரு பாடத்தில் தவறினால் என்ன செய்வேன். மூன்றாவது பத்தியை எழுதுவது அபசகுனம் என்று சில வீடுகளில் தடுப்பார்கள். மனம் அஞ்சுவது பெயர் தெரியாத இருட்டுக்கு. அதில் கால் வைக்க மூன்று படி இருப்பது எழுத்தில் தெரிந்துவிட்டால் இரவில் தூக்கம் வரும்.

அந்தப் பத்திகளுக்கு வேண்டிய சில தகவல்கள் இவை. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மதிப்பெண்ணில்தான் கலந்தாய்வு நடக்கிறது. ஆகவே மொத்தம் 600-இல் குறைந்தது என்பதும் கட்-ஆஃப் குறைந்தது என்பதும் ஒன்றல்ல. கலை அறிவியல் கல்லூரிகளின் கணக்கு வேறு. தவறிய பாடத்தை மட்டும் எழுதுவதற்கான துணைத் தேர்வு 2024-இல் ஜூன் 24-ஆம் தேதியும் 2025-இல் ஜூன் 25-ஆம் தேதியும் தொடங்கியது. அதில் தேர்ச்சி பெற்றவர்கள் அதே ஆண்டிலேயே கல்லூரியில் சேர வழி உண்டு. ஒரு பாடத்தில் தவறினால் ஓராண்டு வீண் என்று தாத்தா பாட்டி சொல்வது அவர்கள் காலத்து உண்மை.

முடிவு நாளன்று யாரோடு இருந்து பார்ப்பது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். தனியாகப் பூட்டிய அறையில் பார்க்க வேண்டாம், பத்துப் பேர் கூடிய கம்ப்யூட்டர் சென்டரிலும் வேண்டாம். பதிவு எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் வீட்டுப் போனிலேயே தெரிந்துவிடும். உங்கள் மேல் அன்புள்ள, பதறாத ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017-இலேயே அரசு கைவிட்டுவிட்டது. பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் குறைக்கச் செய்த அந்த நல்ல காரியத்தை, தெருமுனை ஃபிளெக்ஸ் பேனர்களால் நாம் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கலாம்.

எட்டாம் படி: மதிப்பெண் ஏமாற்றினால்

முதல் இரண்டு நாள் எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீர்கள். "படிப்பே வேண்டாம்", "எந்தக் காலேஜா இருந்தாலும் சேர்த்து விடுங்க" என்ற இரண்டும் அதிர்ச்சியில் வரும் பேச்சு. அழுகை வந்தால் அழுங்கள். அந்த இரு நாட்களில் செய்ய வேண்டியது விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதியைப் பார்த்துக் குறித்து வைப்பது மட்டுமே, ஏனென்றால் அந்த அவகாசம் சில நாட்களே இருக்கும். நகலைப் பெற்றவர்கள்தான் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். நகல் வந்ததும் அந்தப் பாட ஆசிரியரிடம் எடுத்துப் போய், ஒவ்வொரு வினாவாகப் பார்க்கச் சொல்லுங்கள். மதிப்பெண் கூடாவிட்டாலும், எங்கே போயிற்று என்று கண்ணால் பார்த்த பிறகு மனம் அடங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள், எழுதி வைத்த அந்தத் தாளை எடுங்கள். மேற்படிப்பு பற்றிக் கேட்கப் பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண் இருக்கிறது. நான் முதல்வன் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் நடக்கும் கல்லூரிக் கனவு முகாம்களுக்கு நேரில் போகலாம்.

பெற்றோருக்கு

பிள்ளை வாய் திறந்து பேச வேண்டுமானால் எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, கீரை ஆயும்போது, இரவு மாடியில் பாய் விரிக்கும்போது என்று முகம் பார்க்கத் தேவையில்லாத நேரங்களில்தான் பதின்வயதுப் பிள்ளைகள் பேசுவார்கள். பேசினால் உடனே தீர்வு சொல்லாதீர்கள். "ரொம்பக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும்" என்ற ஒரு வாக்கியத்தோடு நிறுத்திப் பாருங்கள், அடுத்தது தானே வரும். முடிவு நாளுக்கு முந்தின இரவு, "மார்க் எதுவா இருந்தாலும் நாளைக்கு மத்தியானம் நாம சேர்ந்துதான் சாப்பிடப் போறோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மனத்தில் இருக்கிறது, பிள்ளைக்கே தெரியும் என்று விட்டுவிட வேண்டாம். பல பிள்ளைகளுக்கு அது தெரிவதில்லை.

உதவி எப்போது, எங்கே

சோர்வும் வெறுமையும் இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய எல்லா நாளும் நீடித்தால், பிடித்த எதிலும் ஈடுபாடு வரவில்லை என்றால், தூக்கமும் பசியும் திரும்பவில்லை என்றால், நான் எதற்கும் லாயக்கில்லை என்ற பேச்சு அடிக்கடி வந்தால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காய்ச்சலுக்குச் சீட்டு வாங்குவது போலவே அங்கேயும் சீட்டு வாங்கலாம்.

வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப் பார்த்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். பிள்ளை அப்படிச் சொன்னால், விளையாட்டாகச் சொல்கிறது என்று ஒதுக்காமல், தனியே விடாமல் உடன் இருங்கள். வீட்டில் உள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். முடிவு வெளியாகும் நாட்களில் தேர்ச்சி பெறாத மாணவர்களை அவர்களே அழைத்துப் பேசுவதும் உண்டு. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050.

போன் செய்து என்ன பேசுவதென்று தெரியாமலேயே பலர் எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிடுகிறார்கள். "நான் பிளஸ் டூ எழுதியிருக்கேன், கொஞ்ச நாளா எதுவும் சரியா இல்ல" என்று தொடங்குங்கள். அடுத்த கேள்வியை மறுமுனையில் இருப்பவர் கேட்பார்.